பல தளங்களில் இயங்கும் மென்பொருள்: செய்நிரலாக்கக் கருவியை மாற்றுதல்

(தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் – க.பொ.த. சாதாரண தரம்)



பணிசெயல் முறைமை, செய்நிரலாக்க மொழிகள், முறைமை விருத்தி ஆகிய மூன்று அலகுகளையும் நீங்கள் தனித்தனியாகப் படித்திருப்பீர்கள். வரைவிலக்கணம் கேட்டால் எழுதியும் விடுவீர்கள். ஆனால், ஒரு நிகழ்வைத் தந்து “இந்நிலையில் யாது செய்யலாம்? காரணம் தருக” என்று கேட்கும்போது இம்மூன்று அலகுகளும் ஒன்றாக வந்து நிற்கும். புள்ளிகள் குறைவது பெரும்பாலும் அங்கேதான். இக்கட்டுரை அம்மூன்று அலகுகளையும் ஒரே நிகழ்வின் வழியாக இணைத்து விளக்குகின்றது. பேனையும் தாளும் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

1. பிரச்சினை யாது?

பின்வரும் நிகழ்வைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

ஒரு பாடசாலை நூலகத்தில் நூல் இரவல் வழங்குவதற்கு ஒரு செய்நிரல் உண்டு. 2003 ஆம் ஆண்டில் பழைய மாணவர் ஒருவர் அதனை விசுவல் பேசிக் 6 இல் எழுதிக் கொடுத்தார். 4000 நூல்களின் விபரங்களும் மாணவர் பெயர்களும் அதன் தரவுத்தளத்தில் உள்ளன. அக்கணினி இப்போது அடிக்கடி நின்றுவிடுகின்றது. பாடசாலைக்குப் புதிய கணினிகள் கிடைத்துள்ளன. அவற்றில் நிறுவப்பட்டிருப்பது லினக்ஸ் பணிசெயல் முறைமை. நூலகர் பழைய செய்நிரலைப் பென் டிரைவில் பிரதி செய்து புதிய கணினியில் திறக்க முயல்கின்றார். அது திறக்கவில்லை. பழைய கணினி முற்றாகப் பழுதடைந்தால் 4000 நூல்களின் விபரங்களையும் மீண்டும் கையால் பதிய வேண்டியிருக்கும்.

இங்கு இரண்டு வினாக்கள் எழுகின்றன. அச்செய்நிரல் ஏன் திறக்கவில்லை? இதே நிலை இன்னொரு முறை ஏற்படாதிருக்க எக்கருவியைக் கொண்டு புதிய செய்நிரலை எழுதலாம்?

2. தளம் என்பது யாது?

ஒரு செய்நிரல் இயங்குவதற்கு அடிப்படையாக அமையும் செயலியும் பணிசெயல் முறைமையும் சேர்ந்து தளம் எனப்படும். விண்டோஸ், லினக்ஸ், மக் ஓஎஸ் ஆகியன மேசைக் கணினிகளில் பரவலாகக் காணப்படும் பணிசெயல் முறைமைகளாகும்.

நாம் எழுதும் மூலக் குறிமுறையைத் தொகுப்பான் பொறிமொழிக்கு மாற்றுகின்றது. ஒரு தளத்துக்கென மாற்றப்பட்ட பொறிமொழிக் கோப்பு வேறொரு தளத்தில் நேரடியாக இயங்காமைக்கு மூன்று காரணங்கள் உண்டு.

(அ) செயலியின் அறிவுறுத்தல் தொகுதி வேறுபடலாம். அப்பிள் நிறுவனம் 2006 இல் தனது கணினிகளை இன்ரெல் செயலிகளுக்கு மாற்றியது. 2020 முதல் தானே வடிவமைத்த செயலிகளுக்கு மாறத் தொடங்கியது. ஒவ்வொரு முறையும் மென்பொருள்களைப் புதிய செயலிக்கெனத் தொகுக்க வேண்டியிருந்தது.

(ஆ) இயக்கக் கோப்பின் அமைப்பு வேறுபடும். விண்டோஸின் இயக்கக் கோப்பும் லினக்ஸின் இயக்கக் கோப்பும் உள்ளமைப்பில் வெவ்வேறானவை. செயலி ஒன்றாக இருந்தாலும் ஒன்றின் கோப்பை மற்றையது ஏற்றுக்கொள்வதில்லை.

(இ) பணிசெயல் முறைமையிடம் கேட்கும் சேவைகள் வேறுபடும். சாளரம் திறத்தல், பொத்தான் வரைதல், கோப்பு வாசித்தல், அச்சிடல் முதலியவற்றைச் செய்நிரல் தானே செய்வதில்லை. பணிசெயல் முறைமையிடம் கேட்டே செய்கின்றது. கேட்கும் முறை ஒவ்வொன்றிலும் வெவ்வேறாகும்.

நூலகச் செய்நிரல் திறக்காமைக்கு (ஆ), (இ) ஆகியனவே காரணங்கள். பழைய கணினியும் புதிய கணினியும் ஒரே வகைச் செயலியைக் கொண்டிருந்தாலும் பயனில்லை என்பதைக் கவனியுங்கள்.

குறிப்பு: விண்டோஸ் செய்நிரல்களை லினக்ஸில் இயக்க உதவும் வைன் என்ற மென்பொருள் உண்டு. சில செய்நிரல்கள் அதில் நன்றாக இயங்கும், சில இயங்கா. எனவே இதனைத் தற்காலிகத் தீர்வாகவே எழுதுங்கள்.

3. பழைய கருவியின் நிலை

விசுவல் பேசிக் 1991 இல் மைக்ரோசொப்ற் நிறுவனத்தால் வெளியிடப்பட்டது. அதன் 6 ஆம் பதிப்பு 1998 இல் வந்தது. படிவத்தில் பொத்தானை இழுத்து வைத்து, அதனைச் சொடுக்கும்போது நடக்க வேண்டியதை எழுதும் எளிய முறை இதனைப் பிரபலமாக்கியது. ஆனால் இக்கருவி விண்டோஸுக்கு மட்டுமே உரியது. இவ்விருத்திச் சூழலுக்கான ஆதரவை மைக்ரோசொப்ற் 2008 ஏப்ரலில் நிறுத்திக்கொண்டது. பழைய செய்நிரல்கள் விண்டோஸ் 10, 11 ஆகியவற்றிலும் இயங்குகின்றன. எனினும் அவற்றைத் திருத்துவதற்கான கருவி ஆதரவிழந்துவிட்டது.

நினைவிற் கொள்க: ஒரு செய்நிரல் இன்று இயங்குவது வேறு, அதனை நாளை திருத்தக்கூடியதாக இருப்பது வேறு. கருவியை மாற்றுவதற்கான காரணம் கேட்டால் இவ்விரண்டையும் பிரித்து எழுதுங்கள்.

4. பல தளங்களில் இயங்கச் செய்யும் வழிகள்

(அ) ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனியே தொகுத்தல்
மூலக் குறிமுறை ஒன்றுதான். ஆனால் விண்டோஸுக்கு ஒரு முறை, லினக்ஸுக்கு ஒரு முறை, மக் ஓஎஸ் இற்கு ஒரு முறை எனத் தொகுக்கப்படும். பிறீ பஸ்கால் இதற்கு நல்ல உதாரணம். இதன் உருவாக்கம் 1993 இல் தொடங்கியது. இதனோடு சேர்ந்தியங்கும் லாசரஸ் என்ற விருத்திச் சூழல் 1999 இல் தொடங்கப்பட்டு, 1.0 பதிப்பை 2012 இல் எட்டியது. இரண்டும் இலவசமானவை. இம்முறையில் வேகம் கூட. பயனரின் கணினியில் வேறு மொழிபெயர்ப்பு மென்பொருள் தேவையில்லை. ஒவ்வொரு தளத்துக்கும் தொகுத்துச் சோதிக்க வேண்டியிருப்பது இதன் குறைபாடாகும்.

(ஆ) மெய்நிகர் இயந்திரம்
1995 இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வெளியிட்ட ஜாவா இவ்வகையானது. மூலக் குறிமுறை எந்தச் செயலிக்கும் உரியதல்லாத இடைநிலைக் குறிமுறையாக மாற்றப்படும். ஒவ்வொரு தளத்திலும் நிறுவப்பட்ட ஜாவா மெய்நிகர் இயந்திரம் அதனை இயக்கும். ஒரு முறை தொகுத்த கோப்பைப் பல தளங்களில் பயன்படுத்தலாம். ஆனால் அங்கு மெய்நிகர் இயந்திரம் இருத்தல் வேண்டும்.

(இ) இயக்கும்போதே மொழிபெயர்த்தல்
1991 இல் வெளிவந்த பைதன் மொழி இவ்வாறு இயங்குகின்றது. மூலக் குறிமுறையையே பயனரிடம் கொடுக்கலாம். கணினியில் பைதன் மொழிபெயர்ப்பான் இருந்தால் அது இயங்கும். எழுதுவது விரைவு; கணிப்புகள் அதிகமான வேலைகளில் இயங்கும் வேகம் பொதுவாகக் குறைவு.

(ஈ) வலை உலாவியின் பொறியை உள்ளடக்குதல்
இணையப் பக்கம் எழுதும் மொழிகளாலேயே மேசைக் கணினி மென்பொருளை எழுதி, அதனுடன் ஓர் உலாவியின் பொறியையும் சேர்த்துப் பொதி செய்வது இம்முறை. 2013 இல் கிற்ஹப் நிறுவனம் தொடங்கிய இலெக்ரோன் இதற்கு உதாரணம். விசுவல் ஸ்ரூடியோ கோட் என்ற பதிப்பி இதனைக் கொண்டு ஆக்கப்பட்டது. மூன்று தளங்களிலும் தோற்றம் ஒன்றாக இருக்கும். ஆனால் சிறிய செய்நிரல்கூடப் பெரிய கோப்பாகும். நினைவகத்தையும் கூடுதலாக எடுக்கும். பழைய கணினிகள் உள்ள இடத்தில் இது கவனிக்கத்தக்கது.

பரீட்சைக் குறிப்பு: “எது சிறந்தது?” என்று கேட்டால் மொழியின் பெயரை மாத்திரம் எழுதாதீர்கள். வேகம், நினைவகம், பயனரின் கணினியில் நிறுவ வேண்டியவை, எழுதுபவரின் முன்னறிவு ஆகிய நான்கில் குறைந்தது இரண்டையாவது தொட்டு எழுதுங்கள்.

5. இடைமுகக் கருவித்தொகுதி

கணக்குப் போடும் பகுதியைப் பல தளங்களுக்குக் கொண்டுசெல்வது எளிது. சிக்கல் வருவது வரைவியல் பயனர் இடைமுகத்தில்தான். சாளரம், பொத்தான், பட்டி ஆகியவற்றை ஒவ்வொரு பணிசெயல் முறைமையும் தன் போக்கில் கையாளுகின்றது.

இதற்காகவே இடைமுகக் கருவித்தொகுதிகள் உருவாகின. செய்நிரல் “ஒரு பொத்தான் வேண்டும்” என்று கருவித்தொகுதியிடம் கேட்கும். கருவித்தொகுதி அந்தந்தத் தளத்துக்கு ஏற்ற விதத்தில் அதனைப் பெற்றுக் கொடுக்கும். நோர்வே நாட்டில் உருவாகி 1995 இல் வெளிவந்த கியூட், ஜிம்ப் என்ற படத் தொகுப்பு மென்பொருளுக்காக எழுதப்பட்டுப் பின்னர் தனியாக வளர்ந்த ஜி.ரி.கே. ஆகியன புகழ்பெற்றவை. லாசரஸும் தனக்கெனக் கருவித்தொகுதி ஒன்றைக் கொண்டுள்ளது. அது விண்டோஸில் விண்டோஸின் பொத்தானையே காட்டும், லினக்ஸில் ஜி.ரி.கே. அல்லது கியூட் பொத்தானைக் காட்டும்.

6. உண்மை நிகழ்வு: வயர்ஷார்க்

வலையமைப்பில் செல்லும் தரவுப் பொதிகளைப் பிடித்து ஆராயும் மென்பொருள் வயர்ஷார்க். இதன் வரலாறு நமது பாடத்துக்கு மிகப் பொருத்தமானது.

1990களின் பிற்பகுதியில் ஜெரால்ட் கோம்ப்ஸ் என்பவர் அமெரிக்காவில் ஒரு சிறிய இணையச் சேவை நிறுவனத்தில் பணியாற்றினார். அப்போது விற்பனைக்கு இருந்த இத்தகைய மென்பொருள்களின் விலை ஏறத்தாழ 1500 டொலர். அத்துடன் அவை அந்நிறுவனத்தில் இருந்த சொலாரிஸ், லினக்ஸ் ஆகிய தளங்களில் இயங்கவுமில்லை. எனவே அவர் தாமே எழுதத் தொடங்கி, 1998 இல் ஈதெரியல் என்ற பெயரில் வெளியிட்டார். 2006 இல் அவர் வேலை மாறியபோது அப்பெயரின் வர்த்தகக் குறி அவரிடம் இருக்கவில்லை. எனவே மென்பொருள் வயர்ஷார்க் எனப் பெயர் மாறியது.

இதன் இடைமுகம் ஜி.ரி.கே. கொண்டு எழுதப்பட்டிருந்தது. லினக்ஸில் அது நன்றாக அமைந்தது. மக் கணினியில் பயன்படுத்துவோர் அதற்கெனச் சாளர முறைமை ஒன்றைத் தனியாக நிறுவ வேண்டியிருந்தது. அந்தக் கணினியின் ஏனைய மென்பொருள்களோடு அது ஒட்டவுமில்லை. பயனர்கள் பல தளங்களுக்குப் பரவியபோது இது பெரிய குறையாயிற்று. 2013 இல் கியூட் கருவித்தொகுதிக்கு மாறுவதாக கோம்ப்ஸ் அறிவித்தார்.

மாற்றம் நடைபெற்ற ஒழுங்கைக் கவனியுங்கள்.

• 2014 – 1.12 பதிப்பில் புதிய இடைமுகம் முன்னோட்டமாகக் கொடுக்கப்பட்டது.
• 2015 நவம்பர் – 2.0 பதிப்பில் புதிய இடைமுகம் முதன்மையாகியது. பழையதும் உடன் இருந்தது.
• 2019 – 3.0 பதிப்பில் பழைய இடைமுகம் நீக்கப்பட்டது.

முறைமை விருத்தி அலகில் படித்த சமாந்தர நிறுவுகை நினைவுக்கு வருகின்றதா? பழையதும் புதியதும் சில ஆண்டுகள் அருகருகே இருந்தன. புதியதில் குறை கண்ட பயனர் பழையதைத் திறந்து தம் வேலையை முடித்துக்கொள்ளலாம். இந்த நம்பிக்கை இருந்தமையால் மாற்றம் வேலையைத் தடைப்படுத்தவில்லை.

இன்னொரு பாடமும் உண்டு. பொதிகளைப் பிரித்து ஆராயும் பகுதி இடைமுகத்திலிருந்து வேறாக எழுதப்பட்டிருந்தது. அதே பகுதியைக் கொண்டு, சாளரமே இல்லாமல் கட்டளை வரியில் இயங்கும் துணைச் செய்நிரல் ஒன்றும் உண்டு. எனவே இடைமுகத்தை மாற்றியபோது பல ஆண்டுகளாகச் சேர்ந்திருந்த ஆராயும் பகுதியைத் திரும்ப எழுத வேண்டியிருக்கவில்லை.

7. நூலகச் செய்நிரலை மாற்றும் படிமுறை

இனி நமது நூலகத்துக்கு வருவோம். இங்கு லாசரஸைத் தெரிவு செய்வோம். காரணங்கள்: இலவசமானது, விசுவல் பேசிக்கைப் போலவே படிவமும் நிகழ்வும் கொண்டது, மூன்று தளங்களுக்கும் தொகுக்கலாம், பஸ்கால் படித்த மாணவர் இதனைத் திருத்தவும் இயலும்.

படி 1: முதலில் தரவைக் காப்பாற்றுக
பழைய கணினி இயங்கும்போதே தரவுத்தளத்தின் பிரதியொன்றை எடுத்து வேறிடத்தில் வைத்தல் வேண்டும். பின்னர் அட்டவணைகளைக் காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட உரைக் கோப்புகளாக ஏற்றுமதி செய்தல் வேண்டும். எந்தத் தளமும் வாசிக்கக்கூடிய எளிய வடிவம் அதுவே. நூலின் தலைப்பிலேயே காற்புள்ளி இருந்தால் அத்தலைப்பு மேற்கோட் குறிகளுக்குள் வருதல் வேண்டும். இல்லையெனில் ஒரு புலம் இரண்டாக உடைந்துவிடும்.

படி 2: தமிழ்ப் பெயர்களை மாற்றுக
விசுவல் பேசிக் 6 இன் வழக்கமான உரைப் பெட்டிகள் யுனிக்கோட் தமிழை ஒழுங்காகக் காட்டுவதில்லை. அதனால் அக்காலச் செய்நிரல்கள் பலவற்றில் பாமினி போன்ற எழுத்துருக்கள் பயன்பட்டன. பாமினியில் “கமலா” என்று தெரிவது, உண்மையில் எஃப், கே, வை, எச் என்ற நான்கு ஆங்கில எழுத்துகளாகச் சேமிக்கப்பட்டிருக்கும். அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பெயர் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தோன்றும்.

வரிசைப்படுத்தலும் பிழைக்கும். பாமினியில் “அ” என்பது எம் எழுத்தாகவும் “க” என்பது எஃப் எழுத்தாகவும் உள்ளன. ஆங்கில அகரவரிசையில் எஃப் முன்னால் வருவதால், அமலாவுக்கு முன் கமலா வந்துவிடுவாள். யுனிக்கோட்டுக்கு மாற்றியபின் இந்தப் பிழை நீங்கும்.

ஆனால் புலத்தின் நீளத்தைக் கவனிக்க வேண்டும். லாசரஸ் பயன்படுத்தும் யு.ரி.எஃப். 8 குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைற்றுகள் தேவை. “கமலா” என்பதில் க, ம, ல, கால் என 4 குறிகள். எனவே 4 × 3 = 12 பைற்றுகள். பாமினியில் 4 பைற்றுகளே போதுமாக இருந்தன. 20 பைற்று அளவுள்ள பழைய புலத்தை அப்படியே வைத்தால் 6 குறிகளுக்கு மேல் அடங்கா. நீண்ட பெயர்கள் வெட்டுப்படும்.

படி 3: விதிகளையும் இடைமுகத்தையும் பிரித்து எழுதுக
இரவல் காலம் 14 நாட்கள், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் தண்டம் 2 ரூபா என்போம். விதி இவ்வாறு அமையும்:

நாட்கள் 14 அல்லது அதற்குக் குறைவாயின் தண்டம் 0.
இல்லையெனின் தண்டம் = (நாட்கள் – 14) × 2.

இதில் சாளரமோ பொத்தானோ இல்லை. எந்தத் தளத்திலும் இது மாறாது. இத்தகைய விதிகளைத் தனி அலகில் எழுதிவிட்டால், பின்னொரு நாள் கருவியை மீண்டும் மாற்றினாலும் இந்த அலகு கைகொடுக்கும்.

மொழி மாறும்போது சிறு வேறுபாடுகளைக் கவனியுங்கள். விசுவல் பேசிக்கில் பெறுமானம் இடுவதற்கும் ஒப்பிடுவதற்கும் சமக் குறியே பயன்படும். பஸ்காலில் பெறுமானம் இடுவதற்கு முக்காற்புள்ளியுடன் கூடிய சமக் குறி வேண்டும். பஸ்காலில் ஒவ்வொரு மாறியையும் முன்கூட்டியே பிரகடனம் செய்தல் கட்டாயம்.

படி 4: தளவேறுபாடுகளை நீக்குக
• விண்டோஸில் கோப்புப் பாதை பின்சாய்வுக் கோட்டாலும், லினக்ஸில் முன்சாய்வுக் கோட்டாலும் எழுதப்படும். பாதையைக் குறிமுறையில் நேரடியாக எழுதாது, கருவி தரும் சார்பைப் பயன்படுத்துக.
• லினக்ஸ் கோப்புப் பெயரில் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வேறுபடுத்தும். விண்டோஸ் வழக்கமாக வேறுபடுத்தாது. விண்டோஸில் திறந்த படம் லினக்ஸில் “கோப்பு இல்லை” என வருவதற்கு இதுவே காரணமாகலாம்.
• உரைக் கோப்பில் வரி முடிவைக் காட்ட விண்டோஸ் இரண்டு குறிகளையும் லினக்ஸ் ஒரு குறியையும் இடும்.

படி 5: ஒவ்வொரு தளத்திலும் சோதிக்க
ஒரு தளத்தில் சரியாக இயங்கியதை வைத்து ஏனையவற்றிலும் இயங்கும் என முடிவு செய்தல் தவறு. எல்லைப் பெறுமானங்களைக் கொடுத்துச் சோதிக்க வேண்டும். 14 நாட்களுக்கு 0, 15 நாட்களுக்கு 2 ரூபா, 17 நாட்களுக்கு 6 ரூபா வர வேண்டும்.

படி 6: சமாந்தரமாக நிறுவுக
ஒரு தவணைக் காலத்துக்குப் பழையதிலும் புதியதிலும் பதிந்து, வாரம் ஒரு முறை இரண்டின் இரவல் பட்டியலையும் ஒப்பிடலாம். நூலகருக்கு வேலை இரட்டிப்பாகும் என்பது இதன் குறைபாடு. பழைய கணினி அதுவரை தாங்காதெனின், கைப்பதிவேட்டை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொண்டு நேரடியாக மாறுவதே நடைமுறை.

8. மாற்றாதிருப்பதே பொருத்தமான சந்தர்ப்பங்கள்

எல்லா நிலையிலும் மாற்றம் தேவை என்று எழுதிவிடாதீர்கள். பயனர் அனைவரும் ஒரே தளத்தில் இருந்தால், கருவிக்கு ஆதரவு தொடர்ந்தால், செய்நிரலில் திருத்தம் தேவைப்படாவிட்டால் மாற்றம் வீண்செலவாகும். பல ஆண்டுகள் பயன்பட்ட செய்நிரலில் பல பிழைகள் ஏற்கெனவே திருத்தப்பட்டிருக்கும். திரும்ப எழுதும்போது அவை மீண்டும் புகுந்துவிட இடமுண்டு.

9. மாதிரி வினாவும் விடையும்

(i) தளம் என்பது யாது? (1 புள்ளி)
விடை: ஒரு செய்நிரல் இயங்குவதற்கு அடிப்படையாக அமையும் செயலியும் பணிசெயல் முறைமையும் சேர்ந்ததாகும்.

(ii) விண்டோஸுக்கெனத் தொகுத்த செய்நிரல் லினக்ஸில் நேரடியாக இயங்காமைக்கு இரண்டு காரணங்கள் தருக. (2 புள்ளி)
விடை: இயக்கக் கோப்பின் அமைப்பு வேறுபடுதல், பணிசெயல் முறைமையிடம் சேவை கேட்கும் முறை வேறுபடுதல்.

(iii) ஜாவாச் செய்நிரலொன்றும் பிறீ பஸ்கால் செய்நிரலொன்றும் பல தளங்களில் இயங்கும் விதத்தை வேறுபடுத்துக. (2 புள்ளி)
விடை: ஜாவாவில் ஒரு முறை தொகுத்த இடைநிலைக் குறிமுறையை ஒவ்வொரு தளத்திலுமுள்ள மெய்நிகர் இயந்திரம் இயக்கும். பிறீ பஸ்காலில் ஒரே மூலக் குறிமுறை ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனியே பொறிமொழிக்குத் தொகுக்கப்படும்.

(iv) பழைய முறைமையிலிருந்து புதிய முறைமைக்கு மாறும்போது சமாந்தர நிறுவுகையின் ஒரு நன்மையும் ஒரு குறைபாடும் தருக. (2 புள்ளி)
விடை: நன்மை – புதியது தவறினாலும் பழையதைக் கொண்டு வேலை தொடரும். குறைபாடு – இரண்டிலும் பதிய வேண்டியிருப்பதால் நேரமும் உழைப்பும் கூடும்.

(v) 5 தமிழ்க் குறிகளைக் கொண்ட பெயரை யு.ரி.எஃப். 8 இல் சேமிக்க எத்தனை பைற்றுகள் தேவை? (1 புள்ளி)
விடை: 5 × 3 = 15 பைற்றுகள்.

பயிற்சி: உமது பாடசாலையிலோ அயலிலுள்ள கடையிலோ பயன்படும் ஒரு செய்நிரலைத் தெரிவு செய்க. அது எத்தளத்தில் இயங்குகின்றது, அதன் தரவு எவ்வடிவில் உள்ளது, தரவின் பிரதி வேறிடத்தில் உண்டா ஆகிய மூன்றையும் கேட்டறிந்து ஒரு பக்கத்தில் எழுதுக. மூன்றாவது வினாவுக்கு “இல்லை” என்பது விடையாயின், பிரதி எடுக்கும் முறையை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு வருக.